தியேட்டரில் 18, கைப்பேசியில் எத்தனை?

கேள்வி: படிவம் இரண்டு படிக்கும் மகனோடு தமிழ்ப் படம் பார்க்கப் போனோம். படம் 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு, பெற்றோர் கூட வந்தாலும் பையனை விட முடியாது என்று கவுண்டரில் சொல்லிவிட்டார்கள். அடுத்த மாதமே அந்தப் படத்தைப் போர்வைக்குள் கைப்பேசியில் பார்க்கிறான். வெட்டுக்குத்து, படுக்கையறைக் காட்சி எல்லாம் முழுசாக! அரசாங்கம் இதைத் தடுக்க வேண்டாமா?
– ஒரு தாய், பிறை, பினாங்கு

பதில்: சகோதரி, கவுண்டரில் இருந்தவர் மேல் கோபம் வேண்டாம். 2023 ஆகஸ்டில் இருந்து மலேசியாவில் படங்களுக்கு யு (எல்லோருக்கும்), பி12, 13, 16, 18 என்று ஐந்து வயதுப் பிரிவுகள். பெற்றோர் துணை என்ற பேச்சு பி12-ஓடு சரி.

உள்துறை அமைச்சின் கீழ் இருக்கும் தணிக்கை வாரியத்தின் கத்தரி, 2002 திரைப்படத் தணிக்கைச் சட்டப்படி, தியேட்டருக்கும் டிவிக்கும்தான். கைப்பேசிக்குப் படம் தரும் ஓடிடி (நெட்ஃபிளிக்ஸ் மாதிரி இணையச் சேவை) வருவது 1998 தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின் கீழ். இணையத்தைத் தணிக்கை செய்ய இதில் அனுமதி இருப்பதாக யாரும் பொருள் கொள்ளக் கூடாது என்று அந்தச் சட்டத்திலேயே எழுதியிருக்கிறது.

அந்தக் கத்தரி கைப்பேசிக்கும் வர வேண்டுமா? எனக்கு ஆசையில்லை. முத்தத்தைக் கண்டால் பாய்கிற கத்தரி, அரிவாளைக் கண்டால் யோசிக்கிறது. என் கவலையோ அரிவாள்தான். நம் கதாநாயகன் இடைவேளைக்குள் பத்துப் பேரைச் சாய்க்கிறான், பின்னணியில் பாட்டு வேறு! வயது வரம்பு வைப்பதை மட்டும் முழு மனதோடு ஏற்கிறேன்.

அந்த வரம்பை வீட்டில் நீங்கள்தான் போட வேண்டும். பையன் அநேகமாக அப்பாவின் ப்ரொஃபைலில் புகுந்திருப்பான். நெட்ஃபிளிக்ஸ் என்றால் பெரியவர்களின் ப்ரொஃபைலுக்கு நாலு இலக்க பின் எண் போடுங்கள், அவனுக்குத் தனி ப்ரொஃபைல் திறந்து வயதைக் குறையுங்கள். பின் எண்ணாக உங்கள் பிறந்த வருஷம் மட்டும் வேண்டாம், முதலில் அதைத்தான் அடித்துப் பார்ப்பான். டெலிகிராமில் வந்த திருட்டுப் பிரதி என்றால் எந்தப் பூட்டும் உதவாது. குடும்பக் குழுவில் அதை அனுப்பும் மாமா யாரென்று பார்த்து, முதலில் அவரிடம் பேசுங்கள்.

அப்புறம் பையனிடம். படுக்கையறைக் காட்சியில் ஆரம்பித்தால் அவன் வாயே திறக்க மாட்டான். அவ்வளவு பேரைக் கொன்றவனுக்கு ஏன் போலீஸ் வரவில்லை என்று கேளுங்கள், பேசுவான். மற்றதை அவன் அப்பா பேசட்டும். 'நீயே சொல்லிவிடேன்' என்று அவர் நழுவினால் எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள்.