கொரிப்போவில் எத்தனை பேர்? – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சுவிட்சர்லாந்தின் மிகச் சிறிய ஊராட்சி கொரிப்போ என்று படித்தேன். தேடினால் ஓரிடத்தில் 294 பேர், இன்னோரிடத்தில் 22 பேர். அரசுப் பட்டியலில் அப்படியோர் ஊராட்சியே இல்லை. அணை கட்டியதால்தான் ஊர் காலியானது என்கிறார்களே, அது உண்மையா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

நீங்கள் பார்த்த மூன்றும் சரியே. 294 என்பது 1850ஆம் ஆண்டுக் கணக்கு, 22 என்பது 2000ஆம் ஆண்டினுடையது. 2020 அக்டோபர் 18 அன்று பிரியோனே, ஃப்ராஸ்கோ, சொனோஞ்ஞோ, வொகோர்னோ ஆகியவற்றோடு சேர்ந்து கொரிப்போ ‘வெர்சாஸ்கா’ ஊராட்சிக்குள் போய்விட்டது. லவெர்டெஸோ, கெரா ஊர்களின் வெர்சாஸ்கா பள்ளத்தாக்கிலுள்ள பகுதிகளும் அதில் அடக்கம். ஆகவே ‘மிகச் சிறிய ஊராட்சி’ என்பது 2020 வரைக்கும்தான் பொருந்தும்.

இணைந்த ஊர்களின் பழைய எண்ணிக்கைகளைக் கூட்டாட்சிப் புள்ளியியல் அலுவலகம் இன்றைய எல்லைப்படி கூட்டித் தரும். அந்த அட்டவணையில் 1850க்கு நேரேயும் வெர்சாஸ்காதான் இருக்கும். தனி ஊரின் கணக்கு வேண்டுமானால் சுவிஸ் வரலாற்று அகராதியின் இணையப் பதிப்பில் ‘கொரிப்போ’ பதிவைப் பாருங்கள். ஜெர்மன், பிரெஞ்சு, இத்தாலியன் மூன்றிலும் இலவசமாகக் கிடைக்கிறது.

அணைக்கு வருவோம். 220 மீட்டர் உயர வெர்சாஸ்கா அணை கட்டப்பட்டது 1960களின் முதல் பாதியில். 1950லேயே கொரிப்போவில் 73 பேர்தான். நூறாண்டில் முக்கால்வாசிப் பேர் போன பிறகு வந்த அணை அது. அணையின் ஏரியும் ஊருக்குக் கீழேதான் நிற்கிறது, வீடுகள் மேலே சரிவில் இருக்கின்றன. உண்மையான காரணம் அந்தச் சரிவுதான். கல்லடுக்கிய சிறு படிவயல்களில் கொஞ்சம் தானியம், செஸ்ட்நட், ஆடுமாடு, பிழைப்பு அவ்வளவுதான். குளிர்காலத்தில் கால்நடையோடு கீழே மகாதீனோ சமவெளிக்கு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கலிஃபோர்னியாவுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் கப்பலேறினார்கள். பிற்பாடு பக்கத்து நகரமான லொகார்னோவில் வேலை கிடைத்தது. அணையைக் குற்றம் சொல்வது எளிது, கண்ணுக்குத் தெரிகிறதல்லவா!

எண்களை வரிசையாக அடுக்கும்போது கவனம். கணக்கெடுப்பு பத்தாண்டுக்கு ஒருமுறைதான் என்றாலும் 1890க்குப் பதில் 1888, 1940க்குப் பதில் 1941. 2010 முதல் வீடுவீடாக எண்ணுவதில்லை, குடியிருப்போர் பதிவேட்டிலிருந்து ஆண்டுதோறும் எடுக்கிறார்கள். கோடை விடுமுறைக்கு மட்டும் வந்து பூட்டைத் திறப்பவர் லொகார்னோவில் பதிந்திருந்தால் அங்கேதான் சேர்வார். சுவிஸ் கடவுச்சீட்டில் இருப்பதோ பூர்வீக ஊர். சூரிக்கில் பிறந்து வளர்ந்தவருக்கும் அதில் ‘கொரிப்போ’ என்று இருக்கலாம். அதை வைத்து மக்கள்தொகை கணிக்க வேண்டாம். பழைய வீடுகளை அறைகளாக்கி 2022இல் திறந்த விடுதியின் விருந்தினர்களும் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள்.