ப்ளஸ் டூ முடித்த பிள்ளைக்கு எந்த இன்ஜினியரிங் கல்லூரி கிடைக்கும் என்று முன்கூட்டியே கணிக்க முடியுமா?

மகள் கோபியில் ப்ளஸ் டூ முடித்திருக்கிறாள், பி.சி. பிரிவு, கணக்கில் 92, இயற்பியலில் 88, வேதியியலில் 90, கோயம்புத்தூரில் நல்ல கல்லூரி கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஓரளவு கணிக்கலாம். என் அண்ணன் மகளுக்காக இதே கணக்கோடு ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்தவன் என்பதால் சொல்கிறேன்.

இன்ஜினியரிங் சேர்க்கைக்குப் பார்க்கும் மார்க்தான் கட்-ஆஃப், அது 200-க்கு. கணக்கு முழுசாக, மற்ற இரண்டும் பாதி பாதி. 92, 44, 45 சேர்த்து 181. தமிழும் ஆங்கிலமும் இதில் வராது, 600-க்கு எவ்வளவு என்பதையும் மறந்துவிடுங்கள்.

இனி 181-ஐயும் கொஞ்சம் மறக்க வேண்டும். கணக்குத் தாள் கடினமாக வந்த வருடத்தில் 181-க்கு முன்னால் நிற்பவர்கள் குறைவு. எளிதாக வந்த வருடத்தில் அதே மார்க்குக்கு முன்னால் பெரும் கூட்டமே நிற்கும். "போன வருசம் பக்கத்து வீட்டுப் பையன் இதே கட்-ஆஃபில் ஜி.சி.டி. (கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி) போனான்" என்பதை நம்பி முடிவெடுக்காதீர்கள். நம்ப வேண்டியது ரேங்க். பொது ரேங்க், பி.சி. ரேங்க் இரண்டும் வரும். பொதுப் போட்டி இடங்கள் 31 சதவீதம், பி.சி.க்கு 26.5. உங்கள் மகளுக்கு முதலில் பொதுப் போட்டியில் பார்ப்பார்கள், அங்கே இடமில்லை என்றால்தான் பி.சி. இடம்.

பொறியியல் கலந்தாய்வுத் தளத்தில் முந்தைய வருடங்களில் ஒவ்வொரு கல்லூரியிலும் ஒவ்வொரு பிரிவிலும் இடம் எந்த ரேங்கோடு முடிந்தது என்று இருக்கும். மூன்று வருடத்தை எடுத்து ஒரு நோட்டில் அருகருகே எழுதுங்கள். மகளின் ரேங்க் மூன்று வருடத்துக்கும் முன்னால் இருந்தால் பெரும்பாலும் கிடைக்கும். ஒரு வருடம் உள்ளே, ஒரு வருடம் வெளியே என்றால் பாதிக்குப் பாதி. படிக்கும்போது கவனம்: பி.எஸ்.ஜி. டெக்கில் அரசு உதவி பெறும் படிப்பும் சுயநிதிப் படிப்பும் தனித்தனி வரியாக இருக்கும், படிப்போடு தொழிற்சாலைப் பயிற்சியும் சேர்ந்த ஐந்தாண்டு சாண்ட்விச் படிப்பு இன்னொரு வரி. கட்டணமும் வேறு, முடியும் ரேங்கும் வேறு.

அப்புறம், நாங்கள் தவறிய இடம். சாய்ஸ், அதாவது விரும்பும் கல்லூரி, படிப்புகளின் பட்டியலைப் பதிய ஒரு பிரௌசிங் சென்டருக்குப் போனோம். "கிடைக்கிறதை மட்டும் போடுங்க, மேலே பெரிய காலேஜ் போட்டா கீழே இருக்கறதும் போயிரும்" என்றார் அங்கிருந்தவர். நானும் தலையாட்டினேன். அது தவறு. ரேங்க் வரிசைப்படி ஒவ்வொருவரின் பட்டியலையும் மேலிருந்து பார்த்து, காலியாக இருக்கும் முதல் இடத்தைக் கொடுக்கிறார்கள். மேலே போட்டது கிடைக்காவிட்டால் கீழே உள்ளது எந்த வகையிலும் பாதிக்காது. கோவையில் அரசு உதவி பெறும் ஒரு கல்லூரியில் டெக்ஸ்டைல் படிக்க அண்ணன் மகளுக்கு அவ்வளவு ஆசை. நாங்கள் அதைப் பதியவே இல்லை. ஒதுக்கீடு முடிந்து பார்த்தால் அந்த இடம் அவளுக்குப் பின்னால் இருந்த ரேங்குக்குப் போயிருந்தது. "பரவாயில்லைங்க சித்தப்பா" என்றாள். எனக்கு இன்றும் ஆறவில்லை.

அதனால், உங்கள் மகள் எந்த வரிசையில் ஆசைப்படுகிறாளோ அதே வரிசையில் பதியுங்கள். மேலே சில எட்டாத இடங்கள், நடுவில் பாதிக்குப் பாதி இடங்கள், கீழே கட்டாயம் கிடைக்கும் இடங்கள். பெருந்துறை, சத்தியமங்கலம், சித்தோடு பக்கம் இருப்பவற்றையும் விடாதீர்கள். வீட்டிலிருந்தே போய் வரலாம் என்றால் ஹாஸ்டல் செலவு மிச்சம். கம்ப்யூட்டர் சயின்ஸ்தான் வேண்டும் என்றால் கல்லூரியில் கொஞ்சம் இறங்க வேண்டியிருக்கும். மெக்கானிக்கல், சிவில் என்றால் அதே ரேங்குக்கு இன்னும் நல்ல கல்லூரி வரும். பம்ப்செட், பவுண்டரி என்று தொழில் நடக்கும் ஊரில் அந்தப் படிப்பைக் குறைவாக நினைக்க வேண்டாம்.

ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியிலேயே படித்தவள் என்றால் இந்தக் கணக்கே மாறிவிடும். 7.5 சதவீத இடங்களுக்குத் தனி ரேங்க், கல்விக் கட்டணமும் ஹாஸ்டல் கட்டணமும் அரசு கட்டும். அதை நீங்கள் சொல்லவில்லை. ரேங்க் வந்ததும் இரண்டு எண்களையும், அவள் எந்தப் பள்ளியில் படித்தாள் என்பதையும் எழுதுங்கள், நோட்டை எடுத்துவைத்துச் சேர்ந்தே பார்க்கலாம்.