மாத்திரைக்குச் சம்மதம் யார் தருவது?

கேள்வி: கலிஃபோர்னியாவில் இருக்கிறோம். எட்டு மாதமாக எங்கள் வீட்டில் ஒன்பது வயதுப் பையன் ஒருவன் ஃபாஸ்டர் கேரில், அதாவது பெற்றோரிடமிருந்து பிரிக்கப்பட்ட பிள்ளைகளுக்கான தற்காலிக வளர்ப்பில், இருக்கிறான். வரும்போதே துணிப்பையோடு ஒரு மாத்திரைப் புட்டியும் வந்தது, ரிஸ்பெரிடோன் என்ற மனநல மருந்து. இப்போது டாக்டர் அளவைக் கூட்டி இன்னொரு மாத்திரையும் சேர்க்கலாம் என்கிறார், கிளினிக்கில் ஒரு சம்மதப் படிவத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்கிறார்கள். "வகுப்பில் உட்காரவே மாட்டேன் என்கிறான்" என்று பள்ளியிலிருந்து தினமும் போன். ஆனால் நேற்றுக் காலை ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தவன் அப்படியே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டான். நான் கையெழுத்துப் போடலாமா? பெற்ற அம்மாவைக் கேட்க வேண்டாமா?

பதில்: போடாதீர்கள். காய்ச்சல், தடுப்பூசி என்று அன்றாட மருத்துவத்துக்குக் கூட்டிப் போகிறீர்களே, அந்தப் பழக்கத்தில் இதையும் போட்டுவிடத் தோன்றும், அதுதான் சிக்கல். பெற்றோரிடமிருந்து பிரித்து நீதிமன்றத்தின் பொறுப்பில் வைக்கப்பட்ட குழந்தைக்கு மனநல மருந்து கொடுக்க, உங்கள் மாநிலத்தில் சிறார் நீதிமன்ற நீதிபதியின் அனுமதி வேண்டும். உங்களுக்கும் அந்த அதிகாரம் இல்லை, சோஷியல் வொர்க்கருக்கும் இல்லை. அம்மாவால் பிள்ளைக்கு ஆபத்தில்லை, முடிவெடுக்கும் நிலையில் இருக்கிறார் என்று தெரிந்தால், சம்மதம் தரும் அதிகாரத்தை நீதிபதி அவரிடமே விடலாம். அப்படி ஓர் ஆணை இருக்கிறதா என்று சோஷியல் வொர்க்கரிடம் முதலில் கேளுங்கள்.

இல்லையென்றால் வழி ஜேவி-220 என்ற விண்ணப்பம்தான். என்ன நோய், எந்த மருந்து, ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை மில்லிகிராம், வேறென்ன சிகிச்சை செய்து பார்த்தார்கள் என்று டாக்டர் எழுதித் தர வேண்டும். விண்ணப்பம் முழுமையாகப் போய்ச் சேர்ந்தால், ஏழு நீதிமன்ற வேலை நாட்களுக்குள் நீதிபதி அனுமதிக்க வேண்டும், மறுக்க வேண்டும், அல்லது விசாரணைக்கு நாள் குறிக்க வேண்டும். கிடைக்கும் அனுமதியும் 180 நாளைக்கு மேல் செல்லாது. பழைய ஆணையின் நகலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்: கூட்டச் சொல்லும் அளவு அதில் உள்ள உச்சவரம்புக்குள் இருந்தால் புது அனுமதி தேவைப்படாது, தாண்டினால் தேவை, புது மாத்திரைக்கு எப்படியும் தேவை. புட்டியோடு வந்த மருந்துக்கே ஆணை காலாவதியாகியிருக்கலாம், எட்டு மாதம் என்கிறீர்களே! உயிருக்கு ஆபத்து மாதிரி அவசரத்தில் மட்டும் டாக்டர் முதலில் கொடுக்கலாம், ஆனால் இரண்டு நீதிமன்ற வேலை நாட்களுக்குள் அனுமதி கேட்டாக வேண்டும். பள்ளியிலிருந்து வரும் போன் அந்தக் கணக்கில் சேராது.

இவ்வளவு கெடுபிடி ஏன் என்று அலுத்துக்கொள்ளத் தோன்றும். அமெரிக்க நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2011 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில், ஐந்து மாநிலங்களில் மெடிக்கெய்ட் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டில் உள்ள குழந்தைகளை ஒப்பிட்டபோது, ஃபாஸ்டர் கேரில் இருப்பவர்களுக்கு மற்றவர்களைவிட 2.7 முதல் 4.5 மடங்கு வரை மனநல மருந்து எழுதப்பட்டிருந்தது. பட்ட அடி அதிகம், அதனால் தேவையும் அதிகம் என்பது அதில் ஒரு பாதி. வீடு மாறிக்கொண்டே இருக்கும் பிள்ளைக்கு முந்தைய மருந்தை யார் எதற்காகத் தொடங்கினார்கள் என்று சொல்ல ஆளே இருப்பதில்லை என்பது இன்னொரு பாதி.

சரி, கையெழுத்து உங்களுடையது இல்லை என்றால் வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டுமா? அதுதான் இல்லை. ஜேவி-219 என்ற படிவத்தில் நீங்கள் பார்த்ததை நீதிபதிக்கே எழுதலாம், பையன் தன் கருத்தைச் சொல்ல ஜேவி-218 இருக்கிறது. அந்த ஷூ லேஸ் விஷயத்தை அப்படியே எழுதுங்கள், மாத்திரை கொடுத்த நேரம், தூங்கிய நேரம், பசி, எடை எல்லாவற்றையும் தேதி போட்டு. ரிஸ்பெரிடோனில் எடையும் ரத்தச் சர்க்கரையும் ஏறக்கூடும், ரத்தப் பரிசோதனை எப்போது செய்தார்கள் என்றும் கேளுங்கள். அப்புறம் ஒன்று, பரிதாபப்பட்டு நீங்களாக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். திடீரென நிறுத்துவதும் ஆபத்து. அப்படித் தூங்கியதை மட்டும் இன்றே டாக்டருக்கு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: டெக்சாஸிலும் இதே விதியா? எங்களிடம் 16 வயதுப் பெண் இருக்கிறாள்.

பதில்: இல்லை, மாநிலத்துக்கு மாநிலம் மாறும். அங்கே சம்மதம் தருபவர் யார் என்று நீதிமன்றம் குறிப்பிடும், அது பயிற்சி முடித்த வளர்ப்புப் பெற்றோராகவும் இருக்கலாம், அப்படியானால் கையெழுத்தும் பொறுப்பும் உங்களுடையவை. மருந்து எழுதியவரிடம் 90 நாளுக்கு ஒருமுறையாவது அவளைக் காட்ட வேண்டும். 16 வயது ஆகிவிட்டதால், அவளுக்கு முடிவெடுக்கும் திறன் இருக்கிறது என்று நீதிமன்றம் கண்டால் சம்மதத்தை அவளே தரலாம். அவளிடம் இதைச் சொல்லியிருக்கிறீர்களா?