காசா, தகடா?

கேள்வி: ஜெர்மனியிலிருந்து வந்த சித்தப்பா ஒரு பழைய வெள்ளிக் காசு தந்தார். காகிதம் போல மெலிசு. வளைந்த கோல் பிடித்த ஆள் ஒரு பக்கம் புடைத்தும், மறுபக்கம் அதே உருவம் குழிந்தும் இருக்கிறது. கும்பகோணத்துப் பட்டறையில் "இது காசே இல்லை, எதிலிருந்தோ பெயர்ந்த தகடு" என்கிறார்கள். கறுத்திருக்கிறது, புளி போட்டுத் தேய்க்கலாமா?
– வாசகி, திருவிடைமருதூர்

பதில்: தயவுசெய்து தேய்க்காதீர்கள்! புடைப்பின் மேடுதான் முதலில் தேயும், போனால் வராது. அழுக்கு இருந்தால் காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து, துடைக்காமல் தானாக உலர விடுங்கள். கறுப்பு இருந்துவிட்டுப் போகட்டும்.

நீங்கள் சொல்வது 'பிராக்டியாட்' போலத் தெரிகிறது. 12, 13-ஆம் நூற்றாண்டுகளில் ஜெர்மனியில் புழங்கிய வெள்ளிப் பென்னி அது. அங்கே பிஷப்புகளும் மடத் தலைவிகளும் ஊரை ஆண்டார்கள், காசும் அடித்தார்கள். வளைந்த கோல் அவர்களின் அடையாளம். தலையில் இரு முனைக் குல்லாய் இருந்தால் பெரும்பாலும் பிஷப். முக்காடு இருந்தால் குவெட்லின்பர்க் போன்ற ஒரு மடத்தின் தலைவியாக இருக்கலாம்.

தஞ்சாவூர்த் தட்டுக்கு வெள்ளித் தகட்டை அச்சில் தட்டி உருவம் எடுப்பார்களே, கிட்டத்தட்ட அதே வேலைதான். மேலே ஒரே அச்சு, கீழே தோல் போல மெத்தென்ற ஏதாவது. இவ்வளவு மெலிசாக அடித்தும் கட்டுப்படியானதற்குக் காரணம், காசின் ஆயுள் குறைவு. மாக்டபர்க் பேராயர் விக்மன் (1152–1192) ஆண்டுக்கு இரண்டு முறை காசை மாற்றினார். 12 பழைய காசு கொடுத்தால் 9 புதுசு கிடைக்கும். மீதி அவருடைய வருமானம். ஆறு மாதம் ஓடினால் போதும் என்ற காசுக்குக் கனம் எதற்கு?

பட்டறையில் எடை மட்டும் போடச் சொல்லுங்கள். பெரும்பாலும் 1 கிராமுக்குள்தான் நிற்கும். உரைகல்லில் உரைக்கவோ, வளைத்துப் பார்க்கவோ விடாதீர்கள். பழைய வெள்ளி நொறுங்கும் தன்மையது, வளைத்தால் விரிசல் விடும். பிறகு லென்ஸில் பாருங்கள். முன்பக்கக் கோடு ஒவ்வொன்றும் பின்பக்கம் குழிவாக இருக்க வேண்டும். ஊசிக்குத்து போல ஓட்டைகளும் மழுங்கிய விளிம்பும் தெரிந்தால் அது வார்த்த போலி. இன்று அச்சில் அடித்து விற்கும் நகல்களும் உண்டு, ஆகவே இதில் தேறினால் மட்டும் அசல் என்று முடிவு கட்டாதீர்கள். நாணய வல்லுநர் ஒருவரிடம் காட்டுங்கள்.

பி.வி.சி. உறை கொண்ட ஆல்பத்தில் வைக்காதீர்கள். நம் டெல்டாப் புழுக்கத்தில் அது அமிலம் கக்கி, காசில் பச்சைப் பிசுக்கு ஏறும். ஸ்டேப்ளர் அட்டை புடைப்பை அமுக்கிவிடும், ரப்பர் பேண்ட் இன்னும் கறுக்க வைக்கும். பாலிஎதிலீன் ஃபோமில் காசின் அளவுக்குப் பள்ளம் வெட்டி, அதில் படுக்க வைத்து, இறுக்கமான டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பொட்டலத்தை மாற்ற மறக்காதீர்கள்.