படிகக் கண்களின் பார்வை

அன்புள்ள ஆசிரியருக்கு,

மகளைப் பார்க்கப் பாரிஸ் சென்றபோது லூவர் அருங்காட்சியகத்துக்கும் போயிருந்தோம். எகிப்தியப் பிரிவில், மடியில் பாப்பிரஸ் சுருளை விரித்துச் சம்மணமிட்டு அமர்ந்திருக்கும் எழுத்தர் சிலையின் முன் இடமும் வலமுமாக நடந்து பார்த்தேன். அதன் கண்கள் என்னைத் தொடர்ந்தன. பிறகு மோனாலிசாவின் முன் கூட்டத்தோடு நின்றபோதும் அதையே உணர்ந்தேன். இரண்டும் ஒரே உத்திதானா? ஊர் திரும்பியபின் பார்த்த ஒரு காணொளி, எகிப்தியர்கள் கண்ணின் உள்ளமைப்பை முழுமையாக அறிந்திருந்தார்கள் என்றும், அவர்களுடைய வல்லூறுத் தெய்வமான ஹோரஸின் கண் என்ற சின்னம் மூளையின் வெட்டுத்தோற்றமே என்றும் சொல்கிறது. இதில் எவ்வளவு உண்மை? நம் ஸ்தபதிகள் செய்யும் கண் திறப்புக்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

நீங்கள் உணர்ந்தது ஒன்றுதான், ஆனால் காரணங்கள் இரண்டு. அவை ஏறத்தாழ ஒன்றுக்கொன்று எதிரானவை.

ஓவியம் தட்டையானது. இமைகளுக்கு நடுவே கண்ணின் பாவை (நடுவிலுள்ள கரும்புள்ளி) எங்கே வரையப்பட்டதோ, நாம் எந்தப் பக்கம் நகர்ந்தாலும் அங்கேயேதான் இருக்கிறது. உயிருள்ள மனிதர் நம் எதிரே இருக்கும்போது நாம் பக்கவாட்டில் நகர்ந்தால், அவருடைய மூக்கு ஒரு கன்னத்தை மறைக்கும், கண்ணின் வெள்ளை ஒருபுறம் கூடி மறுபுறம் குறையும். ஓவியத்தில் இந்த மாற்றங்களில் ஒன்றுகூட நிகழாததால், அந்த முகமே நம்மோடு திரும்பிவிட்டதாக நம் மூளை முடிவு செய்கிறது. எதுவும் அசையாததுதான் அங்கே மாயத்துக்குக் காரணம். ஆங்கிலேய வேதியியலாளர் வில்லியம் ஹைட் வொல்லாஸ்டன் 1824-இல் இதைப் பற்றி எழுதிய கட்டுரையில், வரையப்பட்ட ஒரே சோடிக் கண்களைச் சுற்றி மூக்கையும் முகத்தையும் மாற்றி வரைந்தால் அந்தக் கண்கள் பார்க்கும் திசையே மாறித் தெரிவதைப் படங்களோடு காட்டினார். மோனாலிசாவைப் பொறுத்தவரை ஒன்றைச் சொல்ல வேண்டும். ஜெர்மனியின் பீலஃபெல்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2019-இல் வெளியிட்ட அளவீட்டின்படி, அவருடைய பார்வை நேரே நிற்பவர் மேல் விழுவதில்லை, சராசரியாக 15 பாகை அளவு பார்ப்பவரின் வலப்புறமாக விலகிச் செல்கிறது. புகழ்பெற்ற அந்த விளைவுக்கு அந்தப் படமே நல்ல உதாரணம் அல்ல என்பது எனக்குச் சற்று வேடிக்கையாகவே இருக்கிறது.

சிலையின் கதை வேறு. சிலைக்கு ஆழம் உண்டு என்பதால் நாம் நகர்ந்தால் அதன் தோற்றம் மாறியே தீரும், ஆகவே இயல்பாக அதன் பார்வை நம்மைத் தொடரக் கூடாது. மெசபடோமியாவின் டெல் அஸ்மாரில் 1930-களில் ஹென்றி ஃப்ராங்ஃபர்ட்டின் குழு தோண்டியெடுத்த வழிபாட்டாளர் சிலைகளை எடுத்துக்கொள்ளுங்கள். முகத்தில் பாதியை அடைத்துக்கொள்ளும் அவற்றின் பெரிய கண்கள் சிப்பியையும் கறுப்புச் சுண்ணாம்புக்கல்லையும் பதித்துச் செய்யப்பட்டவை. பாவை மேற்பரப்பிலேயே இருப்பதால், நமக்குப் பின்னால் உள்ள எதையோ அவை வெறித்துப் பார்ப்பதுபோல் இருக்குமே தவிர, நம்மோடு நகர்வதில்லை.

நீங்கள் பார்த்த எழுத்தர் சிலையை பிரெஞ்சுத் தொல்லியலாளர் ஒகுஸ்த் மரியெத் 1850-இல் எகிப்தின் சக்காராவில் கண்டெடுத்தார். வண்ணம் பூசிய சுண்ணாம்புக்கல், உயரம் ஏறத்தாழ 54 செ.மீ., நான்காம் அல்லது ஐந்தாம் வம்சக் காலம், அதாவது இன்றைக்குச் சுமார் 4,500 ஆண்டுகளுக்கு முன். கண்ணின் வெள்ளைப் பகுதி, சேலம் சுரங்கங்களில் கிடைக்கும் அதே மாக்னசைட். அதிலும் செந்நிற வரியோடிய துண்டாகத் தேர்ந்திருக்கிறார்கள், நம் கண்ணின் வெள்ளையில் தெரியும் இரத்த நாளங்கள்போல. அதன் நடுவே, முனை வெட்டப்பட்ட கூம்பாகச் செதுக்கிய ஸ்படிகம். முன்பக்கம் மெருகேற்றப்பட்டுப் பளபளக்கிறது, பின்பக்கம் பூசப்பட்ட ஒரு கரிமப் பொருள் கருவிழிக்கு நிறம் தருகிறது, அநேகமாக அதுவே பசையாகவும் பயன்பட்டிருக்க வேண்டும். எல்லாவற்றையும் செம்புப் பட்டை ஒன்று இமையின் விளிம்பாகச் சூழ்ந்து பிடித்திருக்கிறது.

இந்த வகைக் கண்களை ஒளியியல் நோக்கில் ஆராய்ந்தவர் பெர்க்லியில் பேராசிரியராக இருந்த ஜே ஈனாக். முன்பக்கம் குவிந்தும் பின்பக்கம் தட்டையாகவும் இருப்பதையும், பாவைக்காகப் பின்பக்கத்தின் நடுவே சிறு குழி கடையப்பட்டிருப்பதையும் அவர் சுட்டிக்காட்டினார். கருமையான அந்தப் பாவை, இமை விளிம்புக்குப் பின்னால், தெளிந்த படிகத்தின் ஆழத்தில் இருக்கிறது. பேருந்தில் போகும்போது அருகிலுள்ள தென்னைகள் பின்னால் நகர, தொலைவிலுள்ள நிலா நம்மோடு வருவதுபோல் தெரிகிறதல்லவா? அதேபோல, நாம் வலப்பக்கம் போனால் முன்னால் இருக்கும் இமையை ஒப்பிட ஆழத்தில் இருக்கும் பாவையும் வலப்பக்கம் நகர்ந்து தெரிகிறது. குவிந்த முகப்பின் ஒளிவிலகலும் குழியின் வளைவும் அதனோடு சேர்ந்துகொள்கின்றன. ஓவியத்தில் பாவை நகராததால் நேர்வது, இங்கே பாவை நகர்வதால் நேர்கிறது.

இதை வேண்டுமென்றே செய்தார்களா என்பது நீங்கள் கேட்காத கேள்வி, ஆனால் அதுவே முக்கியமான கேள்வி என்று நினைக்கிறேன். இந்தச் சிலைகள் நடமாடுபவர்கள் பார்க்க வைக்கப்பட்டவை அல்ல. பழைய அரசுக் காலக் கல்லறைகளில் சிலைகளை அடைத்து வைக்கும் அறைக்கு ‘செர்தாப்’ என்று பெயர். சக்காராவில் மன்னர் ஜோசரின் செர்தாப்பில் சிலையின் கண்களுக்கு நேராகச் சுவரில் இரண்டு துளைகள் மட்டுமே உண்டு. சிலையில் உறையும் இறந்தவரின் ‘கா’ (உயிராற்றல்) வெளியே பார்ப்பதற்கான துளைகள் அவை. (அந்தச் சிலையின் பதித்த கண்களைக் கொள்ளையர்கள் எப்போதோ பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள்.) மைதூமில் 1871-இல் கண்டுபிடிக்கப்பட்ட ராஹோடெப், நோஃப்ரெட் இணையரின் சிலைகளும் மூடப்பட்ட அறையில்தான் இருந்தன. மெழுகுவர்த்தியோடு முதலில் நுழைந்த தொழிலாளி, இருட்டில் ஒளிர்ந்த கண்களைக் கண்டு அலறி ஓடினார் என்று சொல்லப்படுகிறது. பார்வையாளரே இல்லாத அறையில், பார்வையாளரைத் தொடரும் கண்ணுக்கு என்ன வேலை? அவர்கள் நாடியது உண்மைக் கண்ணின் தோற்றம். பார்வை தொடர்வது அந்தத் துல்லியத்தின் உபவிளைவு என்பது என் கணிப்பு.

ஏனெனில் நம் கண்ணும் வெளிப்புறத்தில் அப்படித்தான் இருக்கிறது. கார்னியா என்ற தெளிந்த முன்படலம் குவிந்த கண்ணாடிபோல் முன்னால் நிற்க, நிறமுள்ள வளையமான ஐரிஸும் பாவையும் மூன்று மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட ஆழத்தில் பின்னால் இருக்கின்றன. கார்னியாவின் வழியாகப் பார்ப்பதால், பாவை அதன் உண்மை அளவைவிட ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கு பெரிதாகத் தெரிகிறது. எகிப்தியக் கைவினைஞர் இந்த ஆழத்தைக் கவனித்து, அதைக் காட்டக்கூடிய கல்லைத் தேர்ந்தார். ஒளியியலார் இந்தப் படிகத்தை லென்ஸ் என்று அழைப்பது காணொளிக்காரர்களைக் குழப்பியிருக்கலாம். அது நம் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸின் மாதிரி அல்ல, கார்னியாவின் இடத்தில் இருப்பது. லென்ஸ், விழித்திரை, பார்வை நரம்பு என உள்ளே இருக்கும் எதற்கும் அந்தச் சிலைகளில் தடயம் இல்லை.

உள்ளே நடப்பது விளங்க வெகுகாலம் ஆயிற்று. கிரேக்கக் கணித அறிஞர் யூக்ளிட் கண்ணிலிருந்தே கதிர்கள் புறப்படுவதாக வைத்துக் கணக்கிட்டார். எழுத்தர் சிலை செய்யப்பட்டு மூவாயிரத்து ஐந்நூறு ஆண்டுகள் கழிந்தபின், சக்காராவிலிருந்து ஒரு நாள் நடைக்குள் இருக்கும் கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதம், அளவுகடந்த ஒளி கண்ணை வருத்துவதையும், அதைப் பார்த்தபின் அதன் பிம்பம் கண்ணில் தங்குவதையும் காட்டி, ஒளி வெளியிலிருந்துதான் கண்ணுக்குள் வருகிறது என்று வாதிட்டார். அவரும் பார்வை உணரப்படும் இடம் லென்ஸ்தான் என்றே கருதினார். விழித்திரையில் தலைகீழ் பிம்பம் விழுவதை 1604-இல் கெப்ளர் விளக்கிய பிறகே அது சரியானது. கண்ணின் புறத்தை அவ்வளவு துல்லியமாகச் செய்தவர்களுக்கு அதன் அகமும் தெரிந்திருக்க வேண்டும் என்ற தேவையே இல்லை. அப்படிக் கோருவது அவர்களுடைய கைத்திறனைக் குறைத்து மதிப்பிடுவதாகவே எனக்குப் படுகிறது.

ஹோரஸின் கண்ணைப் பற்றி நீளமாகப் பேச வேண்டியதில்லை. அது மனிதக் கண்ணோடு வல்லூறின் கன்னக் குறிகளைச் சேர்த்த வடிவம். எந்த வளைந்த உருவத்தையும் மூளையின் ஏதாவதொரு வெட்டின்மேல் பொருத்திவிட முடியும். உடலைப் பதப்படுத்தும்போது இதயத்தை உள்ளேயே விட்டு, நுரையீரல், கல்லீரல், இரைப்பை, குடல் ஆகியவற்றைச் சாடிகளில் காத்த எகிப்தியர்கள், மூளையை மூக்கின் வழியாக வெளியேற்றிவிட்டார்கள். அவர்களுக்குச் சிந்தனையின் இருப்பிடம் இதயம். எனினும் மூளையை அவர்கள் பார்த்ததே இல்லை என்றும் சொல்ல முடியாது. கி.மு. 1600-ஐ ஒட்டிய எட்வின் ஸ்மித் பாப்பிரஸ், பிளந்த மண்டையோட்டின் வழியே தெரியும் மூளையின் மடிப்புகளை உருகிய செம்பின் மேல் எழும் நெளிவுகளோடு ஒப்பிடுகிறது. அக்கண்ணின் பகுதிகள் 1/2 முதல் 1/64 வரையிலான பின்னங்களைக் குறித்தன என்ற கருத்தும் 1911-இல் முன்வைக்கப்பட்டுப் பாடநூல்கள் வரை பரவியது. பின்னக் குறிகள் அந்தக் கண்ணிலிருந்து பிறந்தவை அல்ல என்று கணித வரலாற்றாளர் ஜிம் ரிட்டர் பிற்பாடு மறுத்துக் காட்டினார்.

கண் திறப்புக்கும் இதற்கும் வரலாற்றுத் தொடர்பு இருப்பதாகச் சொல்லச் சான்று எதுவும் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்கலாம், அவ்வளவுதான். எகிப்தில் சிலைக்கும் பதப்படுத்திய உடலுக்கும் செய்யப்பட்ட சடங்கின் பெயர் வாய் திறத்தல். வாய்ச்சி போன்ற ஒரு கருவியால் வாயையும் கண்களையும் தொடுவார்கள். படையலை உண்ண வேண்டும் என்பதால் அங்கே வாய்க்கு முதலிடம். கண்கள் பட்டறையிலேயே படிகம் பதித்து முழுமையாக்கப்பட்டிருக்கும். நம் ஸ்தபதியோ விழிக்கோடுகளைக் கடைசிவரை நிறுத்திவைத்து, பிரதிஷ்டையை ஒட்டிப் பொன் ஊசியால் திறக்கிறார். உலோகத்தின் மேற்பரப்பில் கீறிய அந்தப் பாவைக்கு ஆழம் இல்லாததால், எழுத்தர் சிலையின் முன் நீங்கள் கண்ட நகர்வை அதில் எதிர்பார்க்க முடியாது.