சான் பிரான்சிஸ்கோவில் யாரைப் பொறுப்பாக்குவது?

அன்புள்ள தம்பி,

அலுவலக மாற்றலில் மனைவியோடும் ஆறு வயது மகளோடும் மதுரையிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு வரவிருப்பதாகவும், கடைகளைக் கும்பலாகச் சூறையாடும் காணொளிகளை வாட்ஸ்அப்பில் பார்த்த உங்கள் மாமனார் பயணத்தையே கைவிடச் சொல்வதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்த ஊரில் குடும்பத்தோடு இருக்க முடியுமா, நகருக்குள் வீடு பார்ப்பதா ஃப்ரீமாண்ட் என்ற புறநகர்ப் பக்கம் போய்விடுவதா, இந்தச் சீர்கேட்டுக்கெல்லாம் முற்போக்காளர் ஆட்சிதான் காரணமா என்பவை உங்கள் கேள்விகள். நகரின் மேற்கே சன்செட் பகுதியில் நெடுங்காலமாகக் குடியிருப்பவள், குடியுரிமை பெற்ற பிறகு எந்த உள்ளூர்த் தேர்தலையும் தவறவிடாதவள் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். முதல் கேள்விக்கு விடை எளிது. மூன்றாவதுதான் என்னை நீண்ட காலமாக வருத்திக்கொண்டிருப்பது என்பதால் அதற்கே அதிக இடம் எடுத்துக்கொள்வேன்.

தாராளமாக இருக்கலாம். 2024ஆம் ஆண்டு முழுவதும் இந்நகரில் நடந்த கொலைகள் 35. 1960களின் தொடக்கத்துக்குப் பிறகு அதுவரை இந்த எண்ணிக்கை அவ்வளவு குறைந்ததில்லை. எங்களைவிடக் குறைந்த மக்கள்தொகை கொண்ட மெம்பிஸ் நகரில் 2023இல் மட்டும் ஏறத்தாழ 400 பேர் கொல்லப்பட்டார்கள். வளைகுடாவின் மறுகரையில் உள்ள ஓக்லண்டில், எங்கள் மக்கள்தொகையில் ஏறக்குறைய பாதிதான் இருந்தும், 2021இல் கொலைகள் 120ஐத் தாண்டின. சான் பிரான்சிஸ்கோவில் நீங்கள் எதிர்கொள்ளப்போவது உயிருக்கு ஆபத்தை அல்ல, உடைமைகளுக்கு ஆபத்தை. 2017இல் மட்டும் இங்கே காரை உடைத்து உள்ளிருந்த பொருள்களைத் திருடியதாக 30,000க்கும் மேற்பட்ட புகார்கள் பதிவாயின. அண்மை ஆண்டுகளில் அது பெரிதும் குறைந்திருக்கிறது. ஆனாலும் சுற்றுலாப் பயணிகள் கூடும் இடங்களில் நடைபாதை ஓரத்தைக் குனிந்து பாருங்கள்: பச்சையும் நீலமும் கலந்த கண்ணாடித் துணுக்குகள் கல்லுப்புபோலச் சிதறிக் கிடக்கும். காருக்குள் பை, சார்ஜர் கம்பி, குழந்தையின் சட்டை என எதையும் விட்டுச் செல்லாதீர்கள். கண்ணாடி உடைந்தால் காவல் துறையின் இணையப் படிவத்தை நிரப்பி, அந்த எண்ணைக் காப்பீட்டு நிறுவனத்துக்குக் கொடுத்து, அன்றே கண்ணாடியை மாற்றிக்கொள்ளுங்கள். திருடன் பிடிபடுவான் என்று காத்திருக்க வேண்டாம்.

நகை விஷயத்தில் மட்டும் ஃப்ரீமாண்டோ சன்னிவேல் போன்ற மற்றப் புறநகரோ உங்களைக் காப்பாற்றாது என்பதை அழுத்திச் சொல்கிறேன். 2022இல் சான்டா கிளாரா, மில்பீட்டஸ், சன்னிவேல் பகுதிகளில் புடவை கட்டி நகை அணிந்து நடந்துபோன வயதான இந்தியப் பெண்களைக் குறிவைத்துச் சங்கிலி பறித்த ஒருவன் பிடிபட்டான். 2024 ஜூனில் சன்னிவேலில் ஓர் இந்திய நகைக்கடைக்குள் சுமார் இருபது பேர் சுத்தியல்களோடு புகுந்து கண்ணாடிப் பெட்டிகளை நொறுக்கி அள்ளிச் சென்றார்கள். ஊரிலிருந்து வரும் அம்மாவிடமும் மாமியாரிடமும் தாலிக்கொடியை மறைத்துப் போட்டுக்கொண்டு நடக்கச் சொல்லுங்கள். வளையல்களை வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிடுங்கள்.

உங்கள் மாமனார் பார்க்கும் காணொளிகளில் வராத மரணங்களைப் பற்றி ஒரு வார்த்தை. 2023இல் இந்நகரில் கொலையுண்டவர்கள் ஐம்பது பேருக்குச் சற்று மேல். அதே ஆண்டில் போதைப்பொருளை அளவு மீறி எடுத்து இறந்தவர்கள் 800க்கும் மேல். பெரும்பாலும் ஃபென்டனில் என்ற செயற்கைப் போதைப்பொருளால். டெண்டர்லாயின் என்ற பகுதியில் பட்டப்பகலில், இடுப்பு மடிந்து தலை தரையை நோக்கித் தொங்க, விழாமலும் நிமிராமலும் நின்றுகொண்டிருக்கும் மனிதர்களை நீங்களே பார்ப்பீர்கள். அதே தெருவில் வியட்நாமியக் குடும்பங்களும் அரபுக் குடும்பங்களும் குழந்தைகளைப் பள்ளிக்கு நடத்திச் செல்கின்றன. இந்த ஊரின் தோல்வி எது என்று என்னைக் கேட்டால் நான் காட்டுவது அந்தத் தெருவைத்தான், சூறையாடப்பட்ட கைப்பைக் கடையை அல்ல.

இனி மூன்றாவது கேள்வி. ஒரு மாவட்டம் கெட்டுப்போனால் ஆட்சியரையும் காவல் கண்காணிப்பாளரையும் கேள்வி கேட்டுப் பழகியவர்கள் நாம். இங்கே அப்படிக் கைநீட்டிக் கேட்க ஓர் ஆள் கிடையாது. காவல் துறை மேயரின் கீழ் இருக்கிறது. ஆனால் பிடித்தவர் மீது வழக்குத் தொடுப்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் மாவட்ட வழக்கறிஞர் தனியாக மக்களால் தேர்ந்தெடுக்கப்படுகிறார். சிறையை நடத்தும் ஷெரீஃப் இன்னொரு தேர்தலில் வருகிறார். நீதிபதிகளும் பள்ளிக் குழுவும் வேறு வேறு. தண்டனைச் சட்டமோ மாநிலத் தலைநகரான சேக்ரமென்டோவில், அதுவும் பல சமயம் நேரடி வாக்கெடுப்பின் மூலம், எழுதப்படுகிறது. இவர்களுக்கு மேல் பதினோரு உறுப்பினர்கள் கொண்ட மேற்பார்வையாளர் சபையும், நூற்றுக்கும் மேற்பட்ட ஆணையங்களும் இருக்கின்றன. காவலர் வழக்கறிஞரைச் சொல்வார், வழக்கறிஞர் நீதிபதியைச் சொல்வார், நீதிபதி சட்டத்தைச் சொல்வார், மேயர் சபையைச் சொல்வார். யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் மிகக் கொடுமை.

இந்த மாவட்ட வழக்கறிஞர் பதவியை நம்மவர்கள் அறிந்திருப்பார்கள்: சென்னையில் பிறந்த சியாமளா கோபாலனின் மகள் கமலா ஹாரிஸ் 2004 முதல் 2011 வரை அமர்ந்திருந்த நாற்காலி அது. பதவியேற்ற முதல் ஆண்டிலேயே, காவலர் ஒருவரைக் கொன்ற வழக்கில் மரண தண்டனை கோர மறுத்ததால் காவலர்கள் அவரைப் பகைத்தார்கள். பின்னாளில் அதே கமலாவை, காவல் துறையின் கையாள் என்று இடதுசாரிகள் ஒதுக்கினார்கள். முற்போக்கு என்பதன் அளவுகோல் இங்கே பத்தாண்டுக்கு ஒரு முறை நகர்ந்துவிடும். 2019இல் அதே நாற்காலிக்கு வென்ற சேசா பூடின், ஏழைகளுக்காக வாதாடும் அரசு வழக்கறிஞராக இருந்தவர், பெற்றோர் சிறையில் இருக்க வளர்ந்தவர். சிறையைக் குறைத்தால் சமூகம் பாதுகாப்பாகும் என்று அவர் உண்மையாகவே நம்பினார் என்றே நினைக்கிறேன். 2022 ஜூனில் 55 விழுக்காட்டு வாக்காளர்கள் பதவிக்காலம் முடியும் முன்பே வாக்களித்து அவரைப் பதவியிலிருந்து திரும்ப அழைத்தார்கள். அவர் போனதும் ஊர் சீராகிவிடும் என்ற வாக்குறுதியும் பொய்தான். கார் உடைப்பு உச்சத்தில் இருந்த 2017இல் அவர் பதவியில் இருக்கவே இல்லை.

950 டாலருக்குள் திருடினால் கலிஃபோர்னியாவில் கேட்பாரில்லை என்று நீங்கள் கேள்விப்பட்டிருப்பதும் அரை உண்மையே. 2014இல் நேரடி வாக்கெடுப்பில் நிறைவேறிய 47ஆம் முன்மொழிவு அத்தகைய திருட்டைச் சிறு குற்றமாக வைத்தது. சிறு குற்றத்துக்கும் ஆறு மாதம்வரை சிறை உண்டு. டெக்சாஸில் அந்த வரம்பு 2,500 டாலர், அங்கே யாரும் அதை முற்போக்கு என்று ஏசுவதில்லை. பிடிக்க ஆளில்லாமல், பிடித்தாலும் வழக்கு நகராமல் போனதுதான் இங்கே வேறுபாடு. 2024 நவம்பரில் மூன்றில் இரண்டு பங்கு வாக்காளர்கள் 36ஆம் முன்மொழிவுக்கு வாக்களித்து, மீண்டும் மீண்டும் திருடுவோருக்குத் தண்டனையைக் கூட்டினார்கள். இருந்தும் எங்கள் பக்கத்து மருந்துக்கடையில் பற்பசையும் சவர அலகும் இன்றும் பூட்டிய கண்ணாடிக்குள்தான் இருக்கின்றன. மணியை அழுத்திவிட்டு, சாவிக்கொத்தோடு வரும் பணியாளருக்காகக் காத்து நிற்க வேண்டும்.

முற்போக்காளர்கள் மீது எனக்கு உள்ள கோபம் அவர்கள் இரக்கம் காட்டுவதால் அல்ல; இரக்கத்தை அறிவித்ததோடு வேலை முடிந்ததாக எண்ணுவதால். பெருந்தொற்றில் அரசுப் பள்ளிகள் மூடிக் கிடந்த 2021 ஜனவரியில், அவற்றை எப்போது திறப்பது என்று பெற்றோர்கள் தவித்துக்கொண்டிருந்தபோது, பள்ளிக் குழு லிங்கன், வாஷிங்டன் பெயர்கள் உள்பட 44 பள்ளிகளின் பெயர்களை மாற்ற வாக்களித்தது. சில மாதங்களில் அந்த முடிவைக் கைவிட்டது; அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அக்குழுவின் மூன்று உறுப்பினர்களைப் பெரும் வித்தியாசத்தில் மக்கள் வெளியேற்றினார்கள். அதை முன்னின்று நடத்தியவர்களில் சீனக் குடியேறிகள் பலர். லோவல் என்ற புகழ்பெற்ற உயர்நிலைப் பள்ளியில் மதிப்பெண் அடிப்படையிலான சேர்க்கையை எடுத்துவிட்டுக் குலுக்கலைக் கொண்டுவந்தது அவர்களை நேரடியாகச் சுட்டது. அவர்களும் ஜனநாயகக் கட்சிக்கு வாக்களிப்பவர்கள்தாம். இந்த ஊரில் பெரும்பாலோர் அந்த ஒரே கட்சி. சண்டை அதற்குள் இருக்கும் முற்போக்காளர்களுக்கும் மிதவாதிகளுக்கும் இடையில்தான்.

வீட்டுப் பிரச்சினையிலும் இதே கதை. மிஷன் பகுதியில் ஒரு சலவைக் கடையின் உரிமையாளர் அதை இடித்துவிட்டு 75 வீடுகள் கட்ட விரும்பினார். அந்தச் சலவைக் கடைக்கு வரலாற்றுச் சிறப்பு உண்டா என்று நீண்ட ஆய்வு எழுதப்பட்டது. பிறகு, புதிய கட்டடத்தின் நிழல் பக்கத்துப் பள்ளியின் விளையாட்டிடத்தில் விழும் என்று தடுக்கப்பட்டது. ஆண்டுகள் ஓடின. ஏழைகளின் பெயரால் இதைத் தடுத்தவர்களும் முற்போக்காளர்களே. வீடு கட்டப்படாமல் போனால் வாடகை ஏறும், வாடகை ஏறினால் கடைநிலையில் இருப்பவர் தெருவுக்கு வருவார் என்பதைக் கணக்குப் போட்டுச் சொல்லவும் வேண்டுமா? அதே வேளையில், 1978இன் 13ஆம் முன்மொழிவால் வரிக்கான வீட்டு மதிப்பின் உயர்வு ஆண்டுக்கு இரண்டு விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்தப்பட்டிருப்பதால், எங்கள் தெருவில் பழைய வீட்டுக்காரர்கள் சொற்ப வரி கட்டிக்கொண்டு, மூன்று மாடிக் கட்டடம் வந்தால் வெயில் போய்விடும் என்று மனு எழுதுகிறார்கள். அவர்களில் பலர் தங்களைப் பழமைவாதிகள் என்று சொல்லிக்கொள்பவர்கள்.

பணம் எங்கே போகிறது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். ஆண்டு வரவுசெலவு 1,500 கோடி டாலருக்கு மேல். 2022இல் நோயி வேலி என்ற இடத்தில் ஒரே ஒரு கழிப்பறை கட்ட 17 லட்சம் டாலர் ஆகும் என்று மதிப்பிட்டார்கள். கட்டடத்தைவிட, அதற்கு முன் கடக்க வேண்டிய வடிவமைப்பு ஆய்வும் சுற்றுச்சூழல் ஆய்வும் கலந்தாய்வும் செலவை ஏற்றின. ஊர் கொதித்த பிறகு ஒரு நிறுவனம் ஆயத்தக் கழிப்பறையை நன்கொடையாகத் தர, 2024இல் அது திறக்கப்பட்டது. பொதுப்பணித் துறைத் தலைவராக இருந்த முகமது நூரு 2020 ஜனவரியில் எஃப்.பி.ஐ.யால் கைது செய்யப்பட்டு, குற்றத்தை ஒப்புக்கொண்டு, ஏழாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். தெருவைச் சுத்தமாக வைத்திருப்பதற்குப் பொறுப்பானவர் அவர். அந்த விசாரணையின் தொடர்ச்சியாக, குப்பை அள்ளும் நிறுவனம் எங்களிடம் கூடுதலாக வாங்கிய பணத்துக்காகச் சுமார் 10 கோடி டாலர் திருப்பித் தர ஒப்புக்கொண்டது. நூற்றுக்கணக்கான தொண்டு நிறுவனங்களுக்கு வீடற்றோர் பெயரில் நகரம் பணம் கொடுக்கிறது. நல்ல வேலை செய்பவை அவற்றில் உண்டு, ஆனால் எது பயன் தந்தது என்று அளந்து பார்த்துப் பணத்தை நிறுத்தும் துணிவு எந்தத் தரப்புக்கும் வந்ததை நான் பார்க்கவில்லை.

அதற்காக, எதிர்த்தரப்பை நம்பிவிடாதீர்கள். 2023 ஏப்ரலில், பணம் அனுப்பும் செயலியான கேஷ் ஆப்பை உருவாக்கிய பாப் லீ பின்னிரவில் குத்திக் கொல்லப்பட்டபோது, செல்வந்தத் தொழில்நுட்பக்காரர்கள் பலர் தெருக் குற்றவாளிகளையும் நகர நிர்வாகத்தையும் அன்றைக்கே குற்றவாளியாக்கினார்கள். கொன்றது அவருக்கு அறிமுகமான இன்னொரு தொழில்நுட்பத் துறைக்காரர் என்று பிறகு நீதிமன்றத்தில் நிரூபணமானது. திருட்டால் கடைகளை மூடுவதாகச் சொன்ன பெரிய மருந்துக்கடை நிறுவனத்தின் நிதித் தலைவரே, அதைத் தாங்கள் மிகைப்படுத்தியிருக்கலாம் என்று 2023இல் ஒப்புக்கொண்டார். மேற்பார்வையாளர் சபையில் எங்கள் சன்செட் பகுதி உறுப்பினராக இருந்த ஜோயல் எங்கார்டியோ, பள்ளிக் குழுவையும் பூடினையும் நீக்கும் இயக்கங்களில் முன்னின்ற மிதவாதி. கடற்கரைச் சாலை ஒன்றைக் கார்களுக்கு மூடிப் பூங்காவாக்கும் முன்மொழிவை ஆதரித்ததற்காக, 2025 செப்டம்பரில் அவரையும் என் அண்டை வீட்டார் பதவியிலிருந்து திரும்ப அழைத்தார்கள். டெண்டர்லாயினில் நூற்றுக்கணக்கானோர் இறந்த ஆண்டுகளில் இதில் பாதி ஆவேசத்தையாவது நான் இங்கே கண்டிருந்தால் மனம் ஆறியிருக்கும்.

ஃப்ரீமாண்ட் பற்றி: நல்ல பள்ளிகள், தமிழ்க் குடும்பங்கள், லிவர்மோர் கோயிலுக்கு அரைமணிப் பயணம், எல்லாம் உண்மை. ஆனால் அந்த நகரம் 2025 பிப்ரவரியில் பொது இடத்தில் கூடாரம் போடுவதையே தடைசெய்தது. அப்படித் தங்குவோருக்கு உதவுவதையும் குற்றமாக்கும் ஒரு வரியை முதலில் சேர்த்து, எதிர்ப்புக்குப் பின் நீக்கியது. விரட்டப்பட்டவர்கள் மறைந்துவிடுவதில்லை, அடுத்த ஊருக்குப் போகிறார்கள். சான் பிரான்சிஸ்கோவை அருவருப்போடு பேசும் நம் புறநகர்த் தமிழர்கள் இதை எண்ணிப் பார்ப்பதே இல்லை என்பது எனக்கு உள்ளபடியே வருத்தம். உங்கள் அலுவலகம் நகருக்குள் என்றால் சன்செட்டிலோ, நகருக்குள்ளேயே இருக்கும் ரிச்மண்ட் பகுதியிலோ வாடகைக்குப் பாருங்கள். மகளுக்கு இடம் கிடைக்கும் பள்ளி வீட்டுக்கு அருகிலேயே இருக்கும் என்ற உறுதி இல்லை என்பதை மட்டும் மனத்தில் வைத்து, வந்த உடனே விண்ணப்பியுங்கள்.

கடைசியாக ஒன்று. 2016இல் வாக்காளர்கள் நிறைவேற்றிய விதியின்படி, குடியுரிமை இல்லாத பெற்றோரும் இந்நகரப் பள்ளிக் குழுத் தேர்தலில் வாக்களிக்கலாம். நண்பர்கள் உற்சாகமாகப் படிவத்தை நீட்டுவார்கள். குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் கையெழுத்திடாதீர்கள், அந்த விவரங்கள் குடியேற்ற அதிகாரிகள் கைக்குப் போகக்கூடும் என்று நகரமே எச்சரிக்கிறது. ஆனால் பள்ளிக் குழுவின் கூட்டத்தில் எழுந்து பேச வாக்குரிமையும் வேண்டாம், விசாவைக் காட்டவும் வேண்டாம். பெயரைக்கூடச் சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயமில்லை. வந்து குடியேறிய பின் ஒரு செவ்வாய் மாலை என்னோடு வாருங்கள், எங்கே அமர்வது, பேசுவதற்கு எப்படி வரிசையில் சேர்வது என்று காட்டுகிறேன்.

அன்புடன்,
அக்கா