மூட்டுவாதக் குழந்தைக்கு வலி மாத்திரை: பயம் எங்கே வேண்டும்?

கேள்வி: ஏழு வயது மகளுக்கு முழங்கால் வீக்கம். மூன்று மாதமாக நாப்ராக்ஸன் என்ற வலி மாத்திரை கொடுக்கிறோம். "கிட்னி போயிடும், நிறுத்து" என்கிறார் மாமியார்.

பதில்: மாமியார் சொல்வதில் பாதி உண்மை. எடைக்கேற்ற அளவில், அதாவது நாளுக்கு ஒரு கிலோவுக்கு 10 முதல் 20 மில்லிகிராம் வரை, இரு வேளையாகப் பிரித்துக் கொடுத்தால் சிறுநீரகம் கெடுவது அரிது. ஆபத்து வாந்தி, பேதி நாட்களில்தான். உடம்பில் நீர் வற்றும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் குறையாமல் பார்த்துக்கொள்வது புராஸ்டாகிளாண்டின் என்ற பொருள். இந்த மருந்து அதையே அடக்குகிறது. ஆகவே அந்த நாட்களில் மாத்திரையைக் கொடுக்காமல் மருத்துவரிடம் பேசுங்கள். மற்ற நாட்களில் சாப்பிட்ட பிறகு கொடுங்கள். வயிற்றுவலி, கருத்த மலம் இருந்தால் உடனே காட்டுங்கள். இடையிடையே ரத்தம், சிறுநீர்ப் பரிசோதனையும் வேண்டும்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. மூன்று மாதமாகியும் வீக்கம் வடியவில்லை என்றால் வலி மாத்திரையை மட்டும் நம்பிக்கொண்டிருப்பது சரியல்ல. மூட்டுக்குள் ஸ்டீராய்டு ஊசி, மூட்டு அழற்சியை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் என்ற மருந்து ஆகியவை பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். மெத்தோட்ரெக்ஸேட் வாரத்துக்கு ஒரே நாள் மட்டும்; தினமும் கொடுத்துவிட்டால் உயிருக்கே ஆபத்து.

கேள்வி: நாப்ராக்ஸன் சாப்பிடும் மகனுக்குக் காய்ச்சல் வந்தால் இபுப்ரூஃபென் சிரப் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. இரண்டும் ஒரே வகை. பாராசிட்டமால் போதும், ஆனால் பாட்டிலில் எழுதியிருப்பதைப் படியுங்கள். பாராசிட்டமாலும் இபுப்ரூஃபெனும் கலந்த சிரப்புகள் கடையில் தாராளமாகக் கிடைக்கின்றன. டெங்கு சந்தேகம் இருந்தால் நாப்ராக்ஸனையும் நிறுத்தச் சொல்வோம், ரத்தக்கசிவு கூடும்.

கேள்வி: வீட்டில் நிமிசுலைடு என்ற வலி மருந்து மிச்சம் இருக்கிறது. கொடுக்கலாமா?

பதில்: கல்லீரல் பாதிப்பு அச்சத்தால் 12 வயதுக்குட்பட்டவர்களுக்கு இந்தியாவில் 2011-லேயே தடை. தூக்கிப் போடுங்கள்.

கேள்வி: எங்கள் காலத்தில் ஆஸ்பிரின்தானே கொடுத்தார்கள்?

பதில்: ஆமாம். ஃப்ளூ, சின்னம்மை வந்த பிள்ளைகளுக்கு அதனால் மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரெய் நோய் வரலாம் என்று தெரிந்த பிறகு கைவிட்டோம்.

கேள்வி: வலியே இல்லை, ஓடி விளையாடுகிறாள். கண் மருத்துவரிடமும் போகச் சொல்வது ஏன்?

பதில்: இந்த மூட்டுவாதத்தில் கண்ணுக்குள்ளும் அழற்சி வரும். சிவக்காது, வலிக்காது, பார்வை மங்கிய பிறகுதான் வெளியே தெரியும். வலி மாத்திரை அதைத் தடுக்காது. சிறு வயதிலேயே நோய் தொடங்கி, ஏ.என்.ஏ. என்ற ரத்தப் பரிசோதனை பாசிட்டிவ் என்றால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கண்ணைப் பெரிதாக்கிக் காட்டும் ஸ்லிட் லேம்ப் கருவியில் பார்க்க வேண்டும். அவள் நன்றாக ஓடினாலும்தான்.